பெண்கள் மட்டும் நீந்தும் ஒரு மணித்தியாலம்: எதற்குப் புள்ளடி போடுவது?

கிணற்றடி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு படிவம் நிரப்ப வேண்டும், வெள்ளிக்கிழமை கடைசி நாள். மூன்று கட்டங்களில் ஒன்றுக்குப் புள்ளடி போட்டால் முடிந்தது. இரண்டு கிழமையாக யோசிக்கிறேன், கை போகுதில்லை.

லண்டனின் வடமேற்குப் பக்கம் இருக்கிறேன். வயது 47. நீந்தப் பழகியது போன வருடம்தான். இடம்பெயர முன்னர், சின்ன வயதில், எங்களை யாழ்ப்பாணத்துக் கீரிமலைக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். அங்கே ஆண்கள் கேணி கடலைப் பார்த்தபடி விரிந்து கிடக்கும். அண்ணாமார் கேணிக் கட்டின் மேல் ஏறி நின்று தொம் தொம் என்று குதிப்பார்கள். பெண்கள் கேணிக்குச் சுற்றிவர மதில். நாங்கள் படியைப் பிடித்தபடி மூன்று தரம் முங்கிவிட்டு எழும்பி வந்துவிடுவோம். நீந்துவது பெடியன்களின் வேலை.

மகள் இங்கே பிறந்தவள். ஆரம்பப் பள்ளி முடிய முன்னர் 25 மீற்றர் நீந்தத் தெரிய வேண்டும் என்பது இங்கிலாந்துப் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. அவள் நீந்த, நான் மேலே கண்ணாடிக்குப் பின்னால் துவாயோடு இருந்து பார்ப்பேன். முழங்கால் நோவுக்கு டொக்டர் நீந்தச் சொன்ன பிறகுதான், அதே தடாகத்தில் ஞாயிறு பின்னேரம் 6.30க்குப் பெண்கள் மட்டும் ஒரு மணித்தியாலம் இருப்பது தெரிந்தது.

அதைக் கொஞ்சம் சொன்னால்தான் என் சிக்கல் விளங்கும். குஜராத்தி அம்மம்மாமார் இரண்டு பேர் தாழ்வான பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கதைத்தபடி நடப்பார்கள், நீந்துவதே இல்லை. சோமாலியப் பெண்கள் தலை முதல் கால்வரை மூடிய நீச்சல் உடுப்பில் வருவார்கள், யூதப் பெண்கள் சிலர் பாவாடை வைத்த உடுப்பில். மார்பகம் ஒன்றை எடுத்த ஒரு அம்மா இருக்கிறா. துவாயைக் கதிரையில் எறிந்துவிட்டு நேரே ஆழப் பக்கம் போய்க் குதிப்பா. வேறு நாளில் வர மாட்டா. மேல்மாடக் கண்ணாடிக்கு ஐந்து திரைகள். நான்காவது மட்டும் முழுதாக இறங்காது, ஒரு சாண் தூக்கி நிற்கும். முதலில் வருகிற ஆள் மேலே போய்த் தன் ஜாக்கெட்டை அந்த இடைவெளியில் கொழுவிவிட்டு வர வேண்டும் என்பது எங்களுக்குள் எழுதாத சட்டம்.

இப்போது தடாகத்தை நடத்துகிறவர்கள் கருத்துக் கேட்கிறார்கள். அ: பிறப்பால் பெண்களுக்கு மட்டும். ஆ: திருநங்கையரும் சேர்ந்து. இ: இந்த மணித்தியாலத்தையே எடுத்துவிட்டு, எல்லோருக்குமான அமைதி நேரம்.

வாட்ஸ்அப் குழு பற்றி எரிகிறது. ஆனால் எங்கள் மணித்தியாலத்துக்குத் திருநங்கை ஒருவர் வந்ததாக ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. வராத ஆளுக்காகச் சண்டை. அதே நேரம், மூன்று கிழமையாக உயரக் கதிரையில் ஒரு ஆண் லைஃப்கார்ட் இருக்கிறார். சோமாலியப் பெண்களில் பாதிப்பேர் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள். படிவத்தில் அதைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை.

மகள், ஆ போடாவிட்டால் என்னோடு கதைக்க வேண்டாம் என்கிறாள். மாமி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது, அ என்கிறா. இவர், உனக்கு முழங்கால் நோ, அதைப் பார் என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

அப்புறம் ஒரு சின்னக் கேள்வி. மூச்செடுக்கத் தலையைத் திருப்பும்போது ஒவ்வொரு தரமும் தண்ணி குடிக்கிறேன். இதற்கும் யாராவது வழி சொல்லுங்கள்.

---

பழைய விசில் பதில்:

அக்கா, படிக்க வந்த காலத்தில் மூன்று வருடம் லைஃப்கார்ட் வேலை பார்த்தவன் நான். அந்த ஆண் லைஃப்கார்டைத் திட்டாதீர்கள், அவரே நெளிந்துகொண்டுதான் உட்கார்ந்திருப்பார்.

உள்ளே நடப்பது இதுதான். ஒரே ஆள் ஒரு மணி நேரமும் கதிரையில் இருக்க முடியாது, கவனம் சிதறும். இருபது, முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுவார்கள். அப்படியானால் ஒரு மணி நேரத்துக்கே குறைந்தது இரண்டு மூன்று பெண்கள் வேண்டும். ஞாயிறு மாலை வேலைக்கு வருவது பெரும்பாலும் மாணவர்கள். பரீட்சை வந்தால் லீவு. ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல் என்றால் மேனேஜருக்கு இரண்டே வழி: என்னை மாதிரி ஒருவனை உட்கார வைப்பது, அல்லது வாசலில் ரத்து என்று ஒட்டுவது. நான் உட்கார்ந்திருக்கிறேன். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தண்ணீரின் அடிப்பகுதியையே பார்த்துக்கொண்டு. வேலைப்படி அதுவும் சரிதான்!

காரணம் நியாயமாக இருந்தால், குறிப்பிட்ட ஒரு வேலைக்குப் பெண்ணைத்தான் எடுப்போம் என்று சொல்ல இங்கே சட்டத்தில் இடமுண்டு. ஆனால் யாரும் எழுதிக் கேட்காமல் அது நடக்காது. படிவத்தின் கடைசியில் 'வேறு கருத்துகள்' என்று ஒரு பெட்டி இருக்கும், அதில் எழுதுங்கள்.

இன்னொன்று. உங்கள் குஜராத்திப் பாட்டிகள் போன் ஆப்பில் பதிவு செய்துதான் வருகிறார்களா? வாசலில் காசு கொடுத்து வந்தாலும் யாராவது சரியாகக் கணக்கில் ஏற்ற வேண்டும். நான் இருந்த இடத்தில் ஒரு பெண்கள் நேரம் செத்தது எந்தக் கொள்கையாலும் இல்லை. திரையில் "4 பேர்" என்று காட்டியதால். உள்ளே இருபது பேர் இருந்தார்கள்.

---

செங்கல்மழை பதில்:

மான்செஸ்டரிலிருந்து. தொடர்பு இருக்கிறதா தெரியவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இங்கே விக்டோரியா பாத்ஸ் என்று 1906இல் திறந்த பழைய பொதுக் குளம் ஒன்று உண்டு. 1993இல் மூடிவிட்டார்கள், இப்போது சுற்றிப் பார்க்க விடுகிறார்கள். வாசல் மூன்று. முதல் வகுப்பு ஆண்கள், இரண்டாம் வகுப்பு ஆண்கள், பெண்கள் என்று மேலே பெரிய எழுத்தில் செதுக்கியிருக்கும். தண்ணீர் முதலில் முதல் வகுப்பு ஆண்களுக்கு. அவர்கள் நீந்தி முடித்த அதே தண்ணீர் இரண்டாம் வகுப்பு ஆண்களுக்கு. கடைசியாகப் பெண்களுக்கு. வழிகாட்டி இதைச் சொன்னபோது என் மனைவி என்னைப் பார்த்த பார்வை!

ஒரு காலத்தில் பெண்களுக்குத் தனி நேரம், தனிக் குளம் என்றால் மிச்சத் தண்ணீர் என்று அர்த்தம். அதனால்தான் கலந்து நீந்துவதை அன்றைக்கு ஒரு வெற்றியாகப் பார்த்தார்கள். இன்றைக்குத் தனி நேரத்தைப் பெண்களே கேட்டு வாங்குகிறார்கள். எனக்கு 'இ' கொஞ்சமும் பிடிக்கவில்லை. அமைதி நேரம் என்று பெயர் வைத்தால் அமைதி வந்துவிடுமா?

---

இரண்டாம் ஷிஃப்ட் பதில்:

நானும் கவுன்சில் வரி கட்டுகிறேன். மனைவி நர்ஸ், வார இறுதியில் வேலை. ஏழு வயது மகளோடு ஞாயிறு மாலை போனால் "அப்பா வர முடியாது" என்கிறார்கள். அவள் தனியாகப் போகவும் முடியாது. பொதுக் குளத்தில் பொது என்ற சொல்லுக்கு அர்த்தமே இல்லையா?

> கிணற்றடி: தம்பி, உங்கள் கோபம் விளங்குகிறது. ஆனால் கிழமைக்கு நூறு மணித்தியாலத்துக்குக் கிட்டத் தடாகம் திறந்திருக்கிறது. எங்களுடையது ஒன்று. நேரத்தை மாற்றச் சொல்லிக் கேளுங்கள், நானும் சேர்ந்து எழுதுகிறேன். எடுத்துவிடச் சொல்லாதீர்கள்.

---

கோப்புக்கட்டு பதில்:

கவுன்சில் ஒன்றில் வேலை, வக்கீல் இல்லை. ஏன் திடீரென்று இந்தப் படிவம் என்று சிலர் கேட்கக்கூடும். 2025 ஏப்ரல் 16 அன்று பிரித்தானிய உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக ஒரு தீர்ப்புச் சொன்னார்கள். 2010 சமத்துவச் சட்டத்தில் 'பெண்' என்ற சொல் பிறப்பால் பெண்ணையே குறிக்கும் என்பது அதன் சாரம். பாலினம் மாறியவர்களைப் பாகுபாட்டிலிருந்து காக்கும் பிரிவு அப்படியே இருக்கிறது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. இதை ஒரு தரப்பின் வெற்றியாகப் பார்க்க வேண்டாம் என்று நீதிபதி ஹாட்ஜ் வாசிக்கும்போதே கேட்டுக்கொண்டார். யார் கேட்டார்கள்?

லண்டனில் ஹாம்ப்ஸ்டெட் ஹீத் என்ற பெரிய பூங்காவில் ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று, கலந்து நீந்த ஒன்று என மூன்று குளங்கள். பெண்கள் குளம் 1925இல் தொடங்கியது. 2018இல் பெண்கள் சிலர் பொய்த்தாடி ஒட்டிக்கொண்டு ஆண்கள் குளத்தில் இறங்கி, திருநங்கையரைப் பெண்கள் குளத்தில் விடுவதை எதிர்த்தார்கள். 2024இல் அங்கே நீந்தும் பெண்களின் சங்கத்தில் பிறப்பால் பெண்களுக்கு மட்டும் என்று ஒரு தீர்மானம் வந்தது, உறுப்பினர்களே அதைத் தோற்கடித்தார்கள். அடுத்த வருடம் இந்தத் தீர்ப்பு, அதன் பிறகு அங்கேயும் கருத்துக் கேட்பு. அவ்வளவு பெரிய குளத்திலேயே இழுபறி என்றால், உங்கள் ஊர் மேனேஜர் மூன்று கட்டம் போட்டு உங்கள் தலையில் கட்டியதில் ஆச்சரியம் இல்லை.

---

ஓடாவி மகள் பதில்:

நான் அ போடுவேன் அக்கா. மறைக்காமல் சொல்கிறேன். எனக்கு யார் மேலும் வெறுப்பில்லை. என் மார்க்கப்படி நான் யார் முன்னால் முக்காட்டை எடுக்கலாம், யார் முன்னால் கூடாது என்பதில் எனக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அது உங்கள் மகளுக்குப் பழமையாகத் தெரியலாம். ஆ வந்தால் நான் கொடி பிடிக்க மாட்டேன், கடிதம் எழுத மாட்டேன். வராமல் விட்டுவிடுவேன். எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான், சத்தம் போடாமல் நின்றுவிடுவோம். அப்புறம் "யாரும் எதிர்க்கவில்லையே" என்று அறிக்கையில் எழுதுவார்கள்.

---

கடலோடி பதில்:

உங்கள் வாட்ஸ்அப் குழு சண்டை போடுகிற அந்த ஆள் நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருநங்கை. தூத்துக்குடிப் பக்கம் பிறந்து, லெஸ்டரில் வேலை. "வந்ததாக ஞாபகம் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள் அக்கா. வந்திருந்தாலும் உங்களுக்குத் தெரிந்திருக்காது, அதையும் நினைத்துக்கொள்ளுங்கள். நான் வந்ததில்லை என்பது வேறு விஷயம். ஒன்பது வருடமாக எந்தப் பொதுக் குளத்திலும் கால் வைத்ததில்லை.

நான் நீச்சல் கற்றது தோட்டத்துக் கிணற்றில். மாமா இடுப்பில் கயிறு கட்டித் தூக்கிப் போட்டார். உங்களைப் படியில் உட்கார வைத்தார்கள், என்னை உள்ளே எறிந்தார்கள், இருவரையும் யாரும் கேட்கவில்லை. தமிழ்நாட்டில் 2008இலேயே எங்களுக்கு நலவாரியம் வைத்தார்கள். நீச்சல் குளத்துக்கு வாரியம் எங்கேயும் கிடையாது.

நான் பெண்கள் நேரத்தைக் கேட்டு வரிசையில் நிற்கவில்லை. ஓடாவி மகள் சொன்னதைப் படித்தேன், வலித்தது, ஆனால் பொய் இல்லை. எனக்கு வேண்டியது ஒரு கதவு. சாதாரண நேரத்தில் போக நினைத்து ஒருமுறை ஒரு குளத்தைப் பார்க்கப் போனேன். எல்லோருக்கும் பொதுவான உடை மாற்றும் இடம், தனித்தனித் தடுப்பு என்று பலகையில் பெருமையாகப் போட்டிருந்தார்கள். தடுப்பின் கதவு என் முழங்காலுக்கு மேலே முடிகிறது, மேலே கழுத்தளவு. கொண்டியும் ஆடுகிறது. குளிக்கும் இடத்துக்குத் தடுப்பே இல்லை. பையைத் திறக்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மூச்சுக்கு: நீங்கள் தலையைத் தூக்குகிறீர்கள், திருப்பவில்லை. அதனால்தான் இடுப்பு கீழே போகிறது, தண்ணீர் வாய்க்குள் வருகிறது. நீச்சல் கண்ணாடியில் ஒரு கண் தண்ணீருக்குள்ளேயே இருக்கட்டும், மற்றது மட்டும் வெளியே வரட்டும். மூச்சை உள்ளே இருக்கும்போதே மூக்கால் விட்டு முடித்துவிடுங்கள். வெளியே வந்தால் இழுக்க மட்டும்தான் நேரம்.

---

கிணற்றடி எழுதியது:

நன்றி எல்லோருக்கும். நேற்று இரவு அனுப்பிவிட்டேன். முதலில் ஒன்றுக்கும் புள்ளடி போடாமல் பெட்டியில் மட்டும் எழுதி அனுப்பப் பார்த்தேன். ஒன்றைத் தெரிவு செய் என்று சிவப்பு எழுத்தில் நின்றுவிட்டது.

அ போட்டேன். இப்போது வருகிறவர்களில் சத்தமில்லாமல் நின்றுவிடக்கூடியவர்கள் யார் யார் என்று முகம் முகமாக நினைத்துப் பார்த்தேன், கை அங்கேதான் போனது. கடலோடி, உங்களுக்கு இது பிடிக்காது என்று தெரியும். மகளுக்கும் சொல்லிவிட்டேன், காலையிலிருந்து முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிகிறாள்.

பெட்டியில் 500 எழுத்துதான் விட்டார்கள். அதில் எழுதியது: ஞாயிறுக்கு மூன்று பெண் லைஃப்கார்ட். நான்காவது திரையைத் திருத்துவது. தடுப்புக் கதவுகள் நிலம்வரை, கொண்டியோடு, குளிக்கும் இடத்துக்கும் கதவு. ஆ கேட்கிறவர்களுக்குக் கிழமை நாளில் இன்னொரு மணித்தியாலம். அந்தத் தம்பியின் நேரப் பிரச்சினையை எழுதும்போது எழுத்து முடிந்துவிட்டது, மன்னிக்க வேண்டும். அம்மம்மாமாருக்கு ஆப் போட்டுக் கொடுக்கப் போகிறேன். ஒருத்திக்குக் கடவுச்சொல் ஞாபகம் இல்லை, மற்றவவிடம் போனே இல்லை.

ஒரு கண் உள்ளே, ஒரு கண் வெளியே. இரவு குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று செய்து பார்த்தேன், இவர் விசாரித்துவிட்டுப் போனார்.

> கடலோடி: பிடிக்கவில்லைதான் அக்கா. கதவை எழுதியதற்கு நன்றி. கண்ணாடி முன்னால் வேண்டாம். தாழ்வான பக்கத்தில் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, பத்துத் தடவை வலப்பக்கம் மட்டும். இடப்பக்கம் அடுத்த மாதம்.