பேரியாட்ரிக் அறுவை சிகிச்சை: ‘எடைக்குறைப்பு’ போதுமா?

அன்புள்ள குழுவினருக்கு,

உடல் பருமனுக்காகச் செய்யும் பேரியாட்ரிக் அறுவைக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற நம் உரையாடலில் வந்த இரண்டு கருத்துகளுக்கு என் பதில்.

> கிரேக்கத்தில் பேரோஸ் என்றால் எடை. நம் ‘பாரமும்’ அதுவும் ஒன்றே. ‘பாரநீக்க அறுவை’ எனலாம்.

ஐயா, ஒலி ஒத்துப்போவதைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அவை சொந்தக்காரர்கள் இல்லை. பாரம், சுமத்தலைக் குறிக்கும் வடமொழி வேரிலிருந்து வந்தது. பேரோஸுக்கு வடமொழியில் உறவு ‘குரு’, அதாவது கனமானது. அந்த வழியே போனால் ‘குரு அறுவை’யில் போய் நிற்போம்.

> நாளிதழ்கள் எழுதும் ‘உடல் எடை குறைப்பு அறுவை சிகிச்சை’ எல்லோருக்கும் புரிகிறதே?

புரிகிறது, ஆனால் தப்பாக. நோயாளிகளுக்கான கையேடு ஒன்றை இப்போது தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வரைவைப் படித்ததும் என் அத்தை கேட்டார்: “கொழுப்பை டியூப் விட்டு உறிஞ்சுவாங்களே, அதானே?” அது அழகுக்குச் செய்வது. இதில் தொடுவது இரைப்பையையும் குடலையும். குழலாக்கும் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போன்ற ஒரு குழல். பசியைத் தூண்டும் கிரெலின் சுரப்பும் அதோடு குறைகிறது.

இன்னொன்றும் உண்டு. இரைப்பை பைபாஸ் செய்துகொண்ட சர்க்கரை நோயாளிகள் பலருக்கு, எடை இறங்குவதற்கு முன்பே, சில நாட்களில் சர்க்கரை கட்டுக்குள் வந்துவிடுகிறது. வால்டர் போரிஸ் குழுவினர் 1995இல் இதை விரிவாக எழுதினார்கள். அமெரிக்க பேரியாட்ரிக் அறுவை சிகிச்சைச் சங்கம் 2007இல் தன் பெயரில் ‘மெட்டபாலிக்’ (உடல் உணவைப் பயன்படுத்தும் வேதிமாற்றம் சார்ந்த) என்ற சொல்லையும் சேர்த்துக்கொண்டது. அவர்களுக்கே ‘எடை’ மட்டும் போதவில்லை.

தமிழில் அறுவைக்குப் பெரும்பாலும் நோயின் பெயரைத்தான் வைக்கிறோம். கண்புரை அறுவை, குடலிறக்க அறுவை, மூல அறுவை. ‘பார்வை கூட்டும் அறுவை’ என்று யாரும் சொல்வதில்லை. (குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் விதிவிலக்கு, அங்கே நோயே இல்லை.) ஆகவே என் பரிந்துரை: பருமன் அறுவை சிகிச்சை. உடல் பருமன் என்ற வழக்கு ஏற்கெனவே இருக்கிறது. மெட்டபாலிக் வரும் இடத்தில் பாடநூல் சொல்லான வளர்சிதைமாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். நீளம்தான், வேறு வழியில்லை.

உள்வகைகளில் ‘ஸ்லீவ்’ என்பதற்குச் சட்டைக்கை என்று ஒருவர் எழுதியிருந்தார். படித்துச் சிரித்தேன். ‘இரைப்பைக் குழலாக்கம்’ போதும். இரைப்பையைச் சுற்றி வளையம் மாட்டும் முறை இப்போது அருகிவிட்டது; ‘இரைப்பை வளையம்’ என்றால் முடிந்தது. பைபாஸுக்குப் புறவழி. ஊருக்கு ஊர் புறவழிச்சாலைப் பலகை இருப்பதால் விளக்கமே வேண்டாம். உணவு ஊருக்குள் நுழையாமல் சுற்றிக்கொண்டு போகிறது. ஆனால் ‘இரைப்பை’யை விட்டுவிடக் கூடாது, வெறும் பைபாஸ் என்றால் நம் ஆட்களுக்கு இதயம்தான்.

சிக்கல், பைபாஸில் ஒரு வகையான ‘ரூ-ஆன்-ஒய்’யில். மேலே சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பை, அதாவது இருமல் மருந்து மூடியில் இரண்டு மூன்று. சிறுகுடலைக் குறுக்கே வெட்டி, அதன் கீழ்ப்பக்க முனையை அதோடு இணைக்கிறார்கள். பித்தமும் கணைய நீரும் வரும் கிளை இன்னும் கீழே வந்து சேர்கிறது. மொத்தத்தில் உண்டிவில் வடிவம். ரூ என்பது சுவிஸ் மருத்துவர் செசார் ரூவின் பெயர், அது அப்படியே இருக்கட்டும். ‘ஒய்’க்குக் கவட்டை என்று எழுதினேன், நண்பரான மருத்துவர் “அறுவை எங்கே என்று நோயாளி பயந்துவிடுவார்” என்றார். பழைய சொல் ‘கவை’ இருக்கிறது. ‘கவைக்கு உதவாத பேச்சு’ என்ற தொடரில் மட்டும் உயிரோடு இருக்கும் சொல்லுக்கு ஒரு வேலை கிடைத்த மாதிரியும் ஆகும். ‘ரூ கவைப் புறவழி’, சரியா?

இன்னும் அகப்படாதது ‘டம்ப்பிங்’. இனிப்புச் சாப்பிட்டதும் உணவு சட்டெனக் குடலுக்குள் இறங்கி, வியர்வை, படபடப்பு, மயக்கம் வருவது. ‘கொட்டல்’ என்றால் தேள் நினைவு வருகிறது. ‘விரைவிறக்கம்’ என்று தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன். கையேடு அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது. அதற்குள் யாராவது நல்லதாக ஒன்று சொல்லுங்கள்.