பழைய வழக்கைப் பள்ளி விண்ணப்பத்தில் எழுத வேண்டுமா?

வியாசர்பாடி கோச்:
எங்கள் ஏரியா பையன், ஃபுட்பாலில் கில்லாடி, ஒரு பள்ளியில் உதவி கோச் வேலைக்கு விண்ணப்பிக்கிறான். படிவத்தில் 'குற்ற வழக்கில் தண்டனை பெற்றதுண்டா' என்று கேட்டிருக்கிறார்கள். இருபது வயதில் தெருச் சண்டையில் மாட்டி, கோர்ட்டில் அபராதம் கட்டியவன். பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. 'இல்லை' என்றே போடச் சொன்னேன். 'ஆம்' என்று போட்டால் அதோடு விண்ணப்பத்தை ஓரம் கட்டிவிடுவார்கள்.

வேளச்சேரி அம்மா:
சார், இது தப்பு. என் மகளைக் காலையில் வேனில் ஏற்றிவிட்டால் சாயங்காலம் வரை அவள் யார் பொறுப்பில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது, பள்ளி விசாரித்துத்தான் ஆள் எடுத்திருக்கும் என்ற ஒரே நம்பிக்கையில் அனுப்புகிறேன். அந்தப் படிவத்திலேயே பொய் என்றால்?

வியாசர்பாடி கோச்:
அடிதடி கேஸுக்கும் குழந்தைகளுக்கும் என்ன சம்பந்தம் மேடம்? எங்கள் தெருவில் சண்டை என்றால் எஃப்.ஐ.ஆர்., வசதியான ஏரியாவில் அதே சண்டை என்றால் ஸ்டேஷனிலேயே பேசி முடிப்பார்கள். படிவத்துக்கு இதெல்லாம் தெரியுமா?

பாரிமுனை வக்கீல்:
கோச் சார், மறைத்தாலும் மாட்டுவான். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 2020 விதிகளின்படி பள்ளி, காப்பகம், விளையாட்டுப் பயிற்சி மையம் எதுவானாலும், குழந்தைகளோடு பழகும் ஊழியர்கள் எல்லோருக்கும், ஒப்பந்தத்தில் வருபவர் உட்பட, போலீஸ் சரிபார்ப்பு கட்டாயம். அதுவும் ஒரு தடவையோடு முடியாது, அவ்வப்போது செய்ய வேண்டும். 18 வயதுக்குள் நடந்திருந்தால் அந்த வழக்கால் தகுதி போகாமல் இளைஞர் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு பெரும்பாலும் காப்பாற்றும், இவனுக்கு அது பொருந்தாது. அவ்தார் சிங் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம், இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற சின்ன வழக்கை மறைத்திருந்தால் வேலை கொடுப்பவர் அதை விட்டுவிடலாம் என்றது. அதே தீர்ப்பில், உண்மையை எழுதினாலும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்றில்லை என்றும் இருக்கிறது.

வியாசர்பாடி கோச்:
பார்த்தீர்களா, எழுதினாலும் உத்தரவாதம் இல்லை!

வேளச்சேரி அம்மா:
இல்லைதான். ஆனால் என்ன வழக்கு, எந்தப் பிரிவு, எந்த வருஷம் என்று அவனே எழுதி, தீர்ப்பு நகலையும் வைக்கட்டும். தெருச் சண்டைக்காக அவனை வேண்டாம் என்று எந்தப் பள்ளி சொன்னாலும் நானே போய்க் கேட்பேன். குழந்தை மேல் கை வைத்த வழக்கென்றால் மட்டும் எத்தனை வருஷம் ஆனாலும் பேச்சே கிடையாது. எது எது என்று பிரித்துப் பார்க்கும் வேலை பள்ளியுடையது சார், அவனோ நீங்களோ அதை முடிவு செய்யக் கூடாது.

வியாசர்பாடி கோச்:
பள்ளி பிரித்துப் பார்க்கும் என்று நீங்கள் நம்புகிறீர்கள், எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. விண்ணப்பத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். நீங்கள் இருவரும் சொன்னதை அவனிடமே காட்டுகிறேன், அவன் முடிவு செய்யட்டும்.