பக்கத்து வீட்டு கார் எங்கள் கேட்டை மறித்து நிற்கிறது, அவசரம்

கீழ்வீடு
அவசரமாகக் கேட்கிறேன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் தினமும் ராத்திரி காரைக் கொண்டுவந்து எங்கள் கேட்டுக்கு முன்னால் விட்டுவிட்டுப் போய்விடுகிறார். காலையில் வண்டியை வெளியே எடுக்க முடியவில்லை. போன் பண்ணினால் எடுப்பதில்லை. நாலு தடவை சொல்லியாகிவிட்டது, "சரி சரி" என்கிறார், மறுநாள் அதே இடம்தான். போலீசில் சொன்னால் வருவார்களா, வேறு வழி உண்டா? நாளை மறுநாள் காலைக்குள் ஏதாவது செய்தாக வேண்டும்.

செல்வி_கோவை
எந்த ஊர் என்றே சொல்லவில்லையே. சொந்த வீடா, வாடகையா? தெரு எத்தனை அடி? கார் கேட்டை முழுசாக மறைக்கிறதா, பாதியா, இல்லை எதிர்ச்சாரியில் நின்று திருப்ப விடாமல் செய்கிறதா? இது தெரியாமல் யார் என்ன சொன்னாலும் குத்துமதிப்புதான்.

டெல்டா_பாஸ்கர்
சகோ, நாலு தடவை சொன்னதே அதிகம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் போய் நாலு டயரிலும் காற்றைப் பிடுங்கிவிடுங்கள். எங்கள் தெருவில் ஒருத்தருக்கு இரண்டு முறை செய்தோம், மூன்றாவது முறை அவர் வண்டி அந்தப் பக்கமே வரவில்லை.

கால்டிரைவர்_மணி
காற்றைப் பிடுங்கினால் அந்த வண்டி எப்படி நகரும்? விடிகாலையில் எந்தப் பஞ்சர் கடை திறந்திருக்கும்? ஒரு மணி நேரம் மறித்து நின்ற வண்டி மதியம் வரைக்கும் நிற்கும். இவருக்கு வண்டி எடுக்க வேண்டும், அதற்கு வழி சொல்லுங்கள்.

பழையவன்_2009
இந்தக் கேள்வி இங்கே மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. கேட்பதற்கு முன்னால் பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் கிடையாது. மறுபடியும் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். 1989 சாலை விதிகளில் 15ஆவது விதி, கட்டட வாசலை மறித்து வண்டி நிறுத்தக் கூடாது என்கிறது. இந்தியத் தண்டனைச் சட்டம் 283, பொது வழியில் இடைஞ்சல் செய்தால் 200 ரூபாய் வரை அபராதம். புகார் எழுதுங்கள், ஸ்டேஷனில் கொடுங்கள், முடிந்தது. தம்பி, சட்டம் தெரிந்தால் பயமே வேண்டாம்.

குமாஸ்தா_எழும்பூர்
ஐயா சொன்னது பழைய கணக்கு. 1989 விதிகளுக்குப் பதிலாக 2017இல் புதிய ஓட்டுநர் விதிமுறைகள் வந்துவிட்டன. வாசலை மறிக்கக் கூடாது என்பது அதிலும் இருக்கிறது, ஆனால் மனுவில் பழைய விதியை எழுதினால் எழுத்தர் அங்கேயே திருப்பிவிடுவார். தண்டனைச் சட்டமும் மாறிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா, அதில் 285ஆவது பிரிவு, அபராதம் 5000 ரூபாய் வரை. வண்டியை இழுத்துப் போக மோட்டார் வாகனச் சட்டத்தின் 127ஆவது பிரிவு இருக்கிறது. நிறுத்தத் தடை உள்ள இடத்தில் நிற்கிற வண்டியையும், பொது இடத்தில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆளில்லாமல் விட்ட வண்டியையும் அகற்றச் சொல்ல, சீருடையில் இருக்கும் அந்தப் பகுதி போலீஸ் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு.

மனு கொடுத்தால் அது பதிவானதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்காமல் வராதீர்கள். ரசீது இல்லாத மனு மேஜை டிராயருக்குள் போய்விடும். தேதி, நேரம் தெரிகிற மாதிரி நாலைந்து நாள் போட்டோ சேர்த்து வையுங்கள், நம்பர் பிளேட்டும் உங்கள் கேட்டும் ஒரே படத்தில் வர வேண்டும்.

பழையவன்_2009
பிரிவு எண் மாறினால் சாரம் மாறிவிடுமா? நான் சொன்னது சாரம். இருபது வருஷமாக இந்த விஷயங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அரும்பு_மாடி
போலீஸ் எல்லாம் எதற்கு? கேட்டுக்கு இரண்டு பக்கமும் பெரிய சிமென்ட் தொட்டி வைத்து ஆளுயரத்துக்கு அரளி வளர்த்துவிடுங்கள், கூடவே "நோ பார்க்கிங்" போர்டு ஒன்று. எங்கள் வீட்டில் ஆறு வருஷமாக அப்படித்தான், ஒருத்தரும் நிறுத்துவதில்லை.

நடைபாதை
தொட்டியை எங்கே வைத்திருக்கிறீர்கள், காம்பவுண்டுக்குள்ளேயா ரோட்டிலா? ரோட்டில் என்றால் அதுவும் ஆக்கிரமிப்புதான். நாமாகப் பெயிண்ட் அடித்து மாட்டுகிற போர்டுக்கு எந்த மதிப்பும் கிடையாது. அவர் கார் வைப்பது தப்பு என்றால் நீங்கள் தொட்டி வைப்பதும் அதே தப்பு.

கீழ்வீடு
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதினேன். குரோம்பேட்டை. சொந்த வீடு, கீழே நாங்கள், மாடியில் குடித்தனம். தெரு 20 அடி இருக்கும். நான் தம்பி இல்லை, பெண். வண்டி ஓட்டுவது நான்தான்.

கார் முழுசாக மறைக்கவில்லை. எங்கள் கேட் 10 அடி, அதில் இரண்டு இரண்டரை அடி உள்ளே வந்து நிற்கிறது. அது ஏழு சீட் வண்டி. 2015 வெள்ளத்துக்கு அப்புறம் போர்டிகோவை இரண்டு அடி உயர்த்திக் கட்டினோம், அதனால் கேட்டுக்கு வெளியே மூன்று அடிக்குச் சிமென்ட் சரிவு போட்டிருக்கிறது. எதிர்ச்சாரியில் எப்போதும் பைக் நிற்கும். நான் இறங்கித் திருப்பும்போது அவருடைய பின் பம்பரில் இடித்துவிடும்.

பம்மல்வாசி
குரோம்பேட்டை என்றால் ஒரு விஷயம். யாராவது 1913க்குப் போன் பண்ணுங்கள் என்பார்கள், அது சென்னை மாநகராட்சி எண். நீங்கள் பழைய பல்லாவரம் நகராட்சி, 2021இல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்த்துவிட்டார்கள். போலீசும் 2022 ஜனவரி முதல் தாம்பரம் ஆணையரகம். சென்னைப் போக்குவரத்துப் போலீஸ் பக்கத்தில் படம் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம், அவர்கள் எல்லைக்குள் நீங்கள் இல்லை. அந்த நேரத்துக்கு ஆள் வேண்டும் என்றால் 100 அல்லது 112. நான் ஒருமுறை 100க்கு அடித்தேன், ரோந்து வண்டி அரை மணிக்குள் வந்தது. அவர்களும் வீட்டுக் கதவைத் தட்டி ஆளை எழுப்பித்தான் எடுக்கச் சொன்னார்கள். ஸ்டேஷனில் மனு கொடுத்தும் நடக்கவில்லை என்றால் முதல்வர் உதவி மையம் 1100.

நடைபாதை
மூன்று அடிச் சரிவு ரோட்டுக்கு வந்திருக்கிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அது யார் இடம்? மழைநீர் போகிற ஓரத்தை அடைத்துச் சிமென்ட் போட்டால் தண்ணீர் எங்கே போகும்? என் அம்மா கைத்தடியோடு நடப்பவர். ஒவ்வொரு வீட்டுச் சரிவையும் தாண்ட முடியாமல் நடுரோட்டுக்கு இறங்கித்தான் நடக்கிறார். ஒரு மழைக்காலத்தில் அப்படி இறங்கும்போது விழுந்து மணிக்கட்டு உடைந்தது.

அரும்பு_மாடி
அவர் என்ன ஆசைப்பட்டா சரிவு போட்டார்? ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டுக்கொண்டே போனால் வீடு பள்ளமாகிவிடுகிறது, மழை வந்தால் சாக்கடை ஹாலுக்குள் வருகிறது. உயர்த்திக் கட்டாமல் என்ன செய்வது?

பம்மல்வாசி
சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும், வீடுகள் பள்ளமாகக் கூடாது என்று 2021 மே மாதத்திலேயே அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். எங்கள் தெருவில் அதற்கப்புறம் போட்ட ரோடும் நாலு விரற்கடை உயர்ந்துதான் இருக்கிறது.

நடைபாதை
உயர்த்துங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? சரிவைக் காம்பவுண்டுக்கு உள்ளே எடுங்கள் என்கிறேன். உள்ளே ஐந்தடி போனால் கார் நிறுத்த இடம் குறையும், அதனால் எல்லோரும் ரோட்டை எடுத்துக்கொள்கிறோம்.

டெல்டா_பாஸ்கர்
இடம் இல்லாதவன் கார் வாங்கவே கூடாது. ஜப்பானில் நிறுத்த இடம் இருக்கிறது என்று போலீசிடம் சான்று வாங்கினால்தான் வண்டியைப் பதிய முடியும், 1962லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். இங்கேயும் கொண்டுவர வேண்டும்.

பழையவன்_2009
ஜப்பானை எல்லாம் இங்கே பேசிப் பயனில்லை. கேட்டவருக்குப் பதில் சொல்லியாகிவிட்டது. மனு கொடுக்கச் சொன்னேன், கொடுத்தாரா என்று தெரியவில்லை. வேண்டுமானால் முறையற்ற தடை என்று நியாய சன்ஹிதாவின் 126ஆவது பிரிவையும் சேர்க்கலாம்.

குமாஸ்தா_எழும்பூர்
126 இங்கே நிற்குமா என்பது வாதத்துக்குரியது. ஆளைப் போகவிடாமல் தடுப்பதைத்தான் அது சொல்கிறது. கார்தான் போக முடியவில்லை, ஆள் நடந்து போகலாமே என்று எதிர்த்தரப்பு சொல்லும். வேண்டுமென்றே செய்தார் என்றும் காட்ட வேண்டும். 285 போதும். தினமும் தொடர்ந்தால் கோட்டாட்சியரிடம் இடையூறு நீக்க மனு போடலாம், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸில் 152ஆவது பிரிவு, பழைய சட்டத்தில் 133. ஆனால் அதற்கு வாரக்கணக்கில் ஆகும்.

கால்டிரைவர்_மணி
மேடம், சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். சரிவு இருப்பதால்தான் உங்களுக்கு இரண்டு அடியே பெரிய இடைஞ்சலாகிறது. சரிவில் இறங்கும்போது ஸ்டியரிங்கை ஒடிக்கக் கூடாது, ஒடித்தால் பின் சக்கரம் உள்ளே வெட்டித் தூணில் உரசும். பின் சக்கரம் தூணைத் தாண்டுகிற வரை நேராக வர வேண்டும். அதற்குள் உங்கள் முன்பக்கம் எதிர்ச்சாரி பைக்குக்கு வந்துவிடும். ராத்திரியே ரிவர்ஸில் ஏற்றி வையுங்கள், எத்தனை அங்குலம் மிச்சம் என்பதாவது காலையில் கண்ணுக்குத் தெரியும்.

இரண்டு கேள்வி. அவர் வீட்டு முகப்பு எத்தனை அடி? அவருடைய கேட் எந்தப் பக்கம்? ஏழு சீட் வண்டி என்றால் சுமார் பதினாலரை அடி இருக்கலாம்.

கீழ்வீடு
அவர் முகப்பு 20 அடி. கேட் 8 அடி, எங்களுக்கு எதிர்முனையில். போர்டிகோவைத் தையல் கடைக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார், அவர்களுடைய இரண்டு ஸ்கூட்டர் அந்தக் கேட் வழியாகத்தான் போய்வரும். அதனால் தன் கேட்டை மறைக்காமல் எங்கள் பக்கம் தள்ளி நிறுத்துகிறார்.

கால்டிரைவர்_மணி
20இல் 8 போனால் மிச்சம் 12 அடி. பதினாலரை அடி வண்டியைப் பன்னிரண்டு அடியில் வைக்கிறார், இரண்டரை அடி உங்கள் பக்கம் வருகிறது. அவர் கேட் பக்கம் மூன்று அடி நகர்த்தினால் அங்கே இன்னும் ஐந்து அடி மிச்சம் இருக்கும், ஸ்கூட்டர் தாராளமாகப் போகும். அளந்து காட்டுங்கள். சாக்பீஸால் சுவரில் ஒரு கோடு போட்டு, "இதுவரைக்கும் வாங்க சார், உங்களுக்கும் வழி இருக்கு" என்று சொல்லிப் பாருங்கள். தள்ளி நிறுத்துங்கள் என்று சும்மா சொன்னால் யாருக்கும் ஏறாது.

செல்வி_கோவை
நான் கேட்க மறந்தது. காலையில் எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும், எதற்கு? அவருக்கு அது தெரியுமா?

கீழ்வீடு
5.15க்கு. அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், செவ்வாய் வியாழன் சனி, 6 மணி ஷிப்ட். தாமதமாகப் போனால் அடுத்த ஷிப்ட் ஆள் வந்துவிடுவார், நாலு மணி நேரத்தை மூன்றாகக் குறைத்துவிடுவார்கள். அப்புறம் அவருக்கு இரண்டு நாளும் மூச்சு வாங்கும், கால் வீங்கிவிடும். ஆட்டோவில் போகலாமே என்பீர்கள், போனோம். விடிகாலையில் புக் பண்ணினால் பாதி நாள் வருவதில்லை, முடிந்து வரும்போது பிரஷர் இறங்கித் தலை சுற்றுகிறது, பின் சீட்டில் படுக்கவைத்துத்தான் கூட்டிவர வேண்டியிருக்கிறது.

போன செவ்வாய் அவரை உட்காரவைத்துவிட்டுப் பக்கத்து வீட்டு பெல்லைப் பத்து நிமிஷம் அடித்தேன். அப்பா ஊசி போடுகிற இடது கையை மடியில் வைத்து வலது கையால் மூடிக்கொண்டு, "விடும்மா, இன்னிக்கு வேண்டாம்" என்றார்.

பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாது. தெருவில் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று அப்பா சொல்லியிருக்கிறார். ஆபீஸ் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

செல்வி_கோவை
அம்மா, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. நாலு தடவை நீங்கள் கேட்டதும் அவருக்கு ஆபீஸ் போகிற ஆள் கேட்ட மாதிரிதான் கேட்டிருக்கும். நோய் பேரைச் சொல்ல வேண்டாம், அப்பா சொன்னது சொன்னதாகவே இருக்கட்டும். "செவ்வாய், வியாழன், சனி காலை அஞ்சே காலுக்கு அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகணும்" என்று மட்டும் சொல்லுங்கள். அவரிடம் வேண்டாம், அந்த வீட்டுப் பெரியம்மா யாராவது இருந்தால் அவரிடம், சாயங்காலம் கோலம் போட வெளியே வரும்போது. என் மாமியார் வீட்டுத் தெருவில் இதே தகராறு மூன்று வருஷம் நடந்தது, கடைசியில் இரண்டு வீட்டுப் பாட்டிகள் பேசித்தான் தீர்ந்தது. மனுவை எழுதிக் கையில் வைத்திருங்கள், சனிக்கிழமையும் இப்படியே நின்றால் கொடுங்கள்.

டெல்டா_பாஸ்கர்
அக்கா, இது தெரியாமல் காற்றைப் பிடுங்கச் சொல்லிவிட்டேன். வியாழன் காலை ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், நான் கிழக்குத் தாம்பரத்தில்தான் இருக்கிறேன், கூட்டிப்போகிறேன்.

பழையவன்_2009
விவரம் முழுசாகக் கொடுத்திருந்தால் முதல் நாளே வேறு மாதிரி சொல்லியிருப்பேன். ஆனாலும் மனு கொடுப்பதுதான் முறை.

நடைபாதை
உங்கள் அப்பா நல்லபடியாக இருக்கட்டும். சரிவைப் பற்றி நான் சொன்னதை மாற்றிக்கொள்ள மாட்டேன், ஆனால் அதை வேறு இழையில் பேசுகிறேன்.

அரும்பு_மாடி
வேறு இழை போடுங்கள், வருகிறேன். எங்கள் தொட்டியை உள்ளே எடுத்தால் யார் வண்டி வந்து நிற்கும் என்று படத்தோடு காட்டுகிறேன்.

செல்வி_கோவை
கீழ்வீடு, வியாழன் என்ன ஆனது?

கால்டிரைவர்_மணி
மூன்று நாளாக ஆளைக் காணவில்லை.

கீழ்வீடு
சனிக்கிழமை. ஆஸ்பத்திரி வராண்டாவிலிருந்து எழுதுகிறேன். புதன் சாயங்காலம் அவர் அம்மாவிடம் சொன்னேன். மகன் நைட் ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு வருவதாகவும் போனை அணைத்துவிட்டுத் தூங்குவதாகவும் சொன்னார். வியாழன் காலை வாசல் காலி. இன்றைக்கு மறுபடியும் ஒரு அடி உள்ளே இருந்தது. அம்மாவுக்குப் போன் பண்ணினேன், அவர் லுங்கியோடு ஓடிவந்து எடுத்தார். சாக்பீஸ் கோட்டை அவரே பார்த்துவிட்டு, பெயிண்டில் போட்டுவிடுங்கள் என்றார். மனு பையில் இருக்கிறது, கொடுக்கவில்லை. அப்பாவைக் கூப்பிடுகிறார்கள், வருகிறேன்.

கால்டிரைவர்_மணி
ரிவர்ஸில் ஏற்றி வைத்தீர்களா மேடம்?