‘9’: குறும்படம் மனத்தில் நின்ற அளவுக்கு முழுநீளப் படம் நிற்காதது ஏன்?

கேள்வி:

ஷேன் ஆக்கர் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது உருவாக்கி, 2005-இல் வெளிவந்து ஆஸ்கர் பரிந்துரையும் பெற்ற ‘9’ என்ற அனிமேஷன் குறும்படத்தையும், அதே கருவை விரித்து அவரே 2009-இல் இயக்கிய 79 நிமிட முழுநீளப் படத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். ஏறத்தாழ 11 நிமிடங்களே ஓடும் குறும்படத்தில் ஒரு சொல்கூடப் பேசப்படுவதில்லை. ஆனாலும், துணியால் தைக்கப்பட்ட, 9 என்ற எண்ணையே பெயராகக் கொண்ட அந்தச் சின்னஞ்சிறு பொம்மை தன் தோழனை இழந்து படும் துயரம் என்னை உலுக்கியது. முழுநீளப் படத்தில் போர், விஞ்ஞானி, இயந்திரம் என எல்லாவற்றுக்கும் விளக்கம் கிடைக்கிறது. மனம்தான் அந்த அளவுக்கு ஒட்டவில்லை. வசனம் காரணமா, நீளம் காரணமா, அல்லது கதையே வேறாகிவிட்டதா?

மறுமொழி 1:

கதையே வேறாகிவிட்டது என்பேன். குறும்படத்தில் வரும் எந்திர விலங்கு, தான் கொன்ற பொம்மைகளின் எண் பொறித்த துணிகளைத் தன் மேல் போர்த்திக்கொண்டு திரிகிறது. இதுவரை எத்தனை பேர் இறந்தார்கள், அடுத்து யாருடைய முறை என்பதையெல்லாம் அந்த ஒரு காட்சியே சொல்லிவிடுவதால், உலகம் ஏன் அழிந்தது என்று கேட்கவே நமக்குத் தோன்றுவதில்லை. முழுநீளப் படத்திலோ, உறங்கிக் கிடந்த பெரிய இயந்திரத்தை விழிக்கச் செய்வதே 9-தான். ஆகவே குறும்படத்தில் இழப்பின் துயரத்தைச் சுமந்த அதே பாத்திரம், இங்கே தன் செயலால் விளைந்த அழிவுக்குப் பொறுப்பேற்க வேண்டிய நிலைக்கு வருகிறது. இரண்டும் வெவ்வேறு உணர்வுகள். முதலாவதை எதிர்பார்த்துச் சென்றவருக்கு இரண்டாவது ஏமாற்றமாகவே இருக்கும்.

மறுமொழி 2:

முதல் மறுமொழியை ஏற்கிறேன். ஆனால் வசனத்தின் மீது பழி போடுவது சரியன்று. முழுநீளப் படத்திலும் 9 கண்விழிக்கும்போது அதற்குக் குரல் இல்லை. 2 என்ற முதிய பொம்மைதான் அதற்குக் குரற்கருவியைப் பொருத்திப் பேச வைக்கிறது. 3, 4 என்ற இரட்டையர்கள் கடைசிவரை பேசுவதே இல்லை. பேச்சு எங்கே தொடங்க வேண்டும், யாரிடம் வரவே கூடாது என்பதை ஆக்கர் கவனமாகத்தான் தீர்மானித்திருக்கிறார். மேலும், ஒளிந்து வாழ்வதே பாதுகாப்பு என்று பிறரை அடக்கி வைக்கும் 1-க்கும், மாட்டிக்கொண்ட 2-ஐ மீட்டே தீரவேண்டும் என்று நிற்கும் 9-க்கும் இடையிலான மோதல் சொற்கள் இல்லாமல் இவ்வளவு கூர்மையாக வந்திருக்காது. என் குறை வேறு: விஞ்ஞானி விட்டுச்சென்ற பதிவு ஒன்று, அவர் தன் உயிரையே பகுத்து இப்பொம்மைகளுக்குத் தந்ததை நேரடியாக எடுத்துரைத்துவிடுகிறது. பார்வையாளர் தாமே கண்டுபிடித்திருக்க வேண்டிய உண்மையை இப்படிக் கையில் கொடுத்துவிட்டால், அதன் கனம் குறைந்துபோகிறது.

மறுமொழி 3:

(முடிவைப் பற்றி எழுதுகிறேன், இன்னும் பார்க்காதவர்கள் இதைத் தவிர்க்கலாம்.) இரண்டு படங்களிலும், இறந்த பொம்மைகளின் சிறைப்பட்ட உயிர்கள் விடுவிக்கப்படுகின்றன. குறும்படத்தில் அவை சென்றபின் 9 தன்னந்தனியாகப் பாழ்வெளியில் நடந்து போகிறது. முழுநீளப் படத்தில் 7-உம் இரட்டையர்களும் உடன் இருக்கிறார்கள், மழையும் பெய்கிறது, உலகில் மீண்டும் உயிர் துளிர்க்கும் என்ற நம்பிக்கையும் தரப்படுகிறது. 79 நிமிடங்கள் இப்பாத்திரங்களோடு பழகிய பார்வையாளரை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராதது இயல்புதான். எனினும், நீங்கள் சொல்லும் அந்த ஒட்டாத உணர்வுக்கு இந்த முடிவுக்கும் பங்குண்டு என்று கருதுகிறேன். குறும்படத்தின் 9-க்கு இனி என்ன ஆகும் என்று யாரும் சொல்வதில்லை. அதனால் படம் முடிந்த பிறகும் நாம் அதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறோம்.