‘கேட்பு முகமை’: போர்க்கால உலோக ஒதுக்கீட்டுக்கு ஒரு கலைச்சொல்

அன்புடையீர், வணக்கம்.

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா தன் படைகளுக்கும் நேச நாடுகளுக்கும் தளவாடம் வழங்கியதைப் பற்றிய இழையில், எஃகு, செம்பு, அலுமினியம் ஆகியவற்றில் பங்கு கேட்ட அரசு அமைப்புகளுக்கு (ஆங்கிலத்தில் claimant agency) ‘உரிமைகோரும் முகமை’ என்ற சொல் முன்மொழியப்பட்டிருந்தது. அது பொருந்தாது என்பது என் கருத்து. உலோகத்தின் மீது அவற்றுக்கு உரிமை ஏதும் இருக்கவில்லை. தேவையைக் கணக்கிட்டுக் கேட்கும் பொறுப்புதான் இருந்தது.

1942 சனவரியில், போர்க்கால உற்பத்தியை நெறிப்படுத்தும் அமெரிக்க அரசு அமைப்பான போர் உற்பத்தி வாரியம் அமைந்தபோது நடப்பில் இருந்தது முன்னுரிமை முறை. ஆலைக்கு வரும் கொள்முதல் ஆணையில் ஒரு தரக்குறி இருக்கும்; உயர்ந்த குறியுள்ளது முதலில் நிறைவேறும். குறி வழங்குவதற்கு வரம்பு இல்லாததால், பீரங்கிக்கும் உயர்ந்த குறி, கப்பலுக்கும் உயர்ந்த குறி என்றாகி, குறி கையில் இருந்தும் எஃகு வந்து சேராத நிலை ஏற்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் அறிவிக்கப்பட்ட கட்டுப்பாட்டுப் பொருள் திட்டம், இம்மூன்று உலோகங்களும் ஒரு காலாண்டில் எவ்வளவு கிடைக்கும் என்று முதலில் கணித்து, தரைப்படை, கடற்படை, வணிகக் கப்பல்களைக் கட்டுவித்த கடல்வணிக ஆணையம், நேச நாடுகளுக்குத் தளவாட உதவி வழங்கிய கடன்-குத்தகை நிர்வாகம் முதலியவை கேட்டதை அந்த அளவுக்குள் வெட்டிச் சுருக்கி ஒதுக்கியது. குடிமக்கள் தேவைக்கும் அங்கே ஓர் இடம் இருந்தது. அது பெரும்பாலும் கடைசி இடம்.

‘பயனர்’, ‘தேவையாளர்’ என்பனவும் சரிவராததற்கு இங்கேயே காரணம் உண்டு. சோவியத் ஒன்றியத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் அனுப்பப்பட்ட ஸ்டூட்பேக்கர் சரக்குந்துகளை ஓட்டியது செஞ்சேனை. ஆனால் நேச நாடுகளுக்கான படைக்கருவிகளைப் பெரும்பாலும் அமெரிக்கத் தரைப்படையே கொள்முதல் செய்ததால், அவற்றுக்கான உலோகத்தையும் அதுவே கேட்டது. கேட்டவர் வேறு, பயன்படுத்தியவர் வேறு.

ஆகவே ‘கேட்பு முகமை’ என்று பரிந்துரைக்கிறேன். வரிக் கணக்கில் ‘கேட்பு, வசூல், நிலுவை’ என எழுதிப் பழகியவர்களுக்கு, தொகை குறித்து முறைப்படி கேட்பது என்ற பொருள் உடனே பிடிபடும். வாரியம் தருவதை ‘ஒதுக்கீடு’ எனலாம். ‘பங்கீடு’ குடும்ப அட்டையை நினைவூட்டிவிடும்.

முகமை, தான் பெற்றதைத் தலைமை ஒப்பந்ததாரருக்கும், அவர் துணை ஒப்பந்ததாரருக்கும் பிரித்துத் தரும் அடுத்த படிக்குத்தான் எனக்குச் சொல் அகப்படவில்லை. ‘உள்ஒதுக்கீடு’ இட ஒதுக்கீட்டு விவாதத்தில் வேறு பொருளில் நிலைத்துவிட்டது. ‘வழிப்பகிர்வு’ பொருந்துமா?