பொருள்: கூடார வகைகளுக்குத் தமிழ்ப் பெயர்கள், வெள்ளிக்கிழமைக்குள் தேவை

1. தண்டையார்பேட்டை, சாரணர் ஆசிரியர்

அவையோருக்கு வணக்கம்.

எங்கள் பள்ளிச் சாரண மாணவர்கள் அடுத்த மாதம் மூன்று நாள் முகாமுக்குச் செல்கிறார்கள். கையேட்டின் கூடாரப் பகுதியைத் தமிழாக்கி வெள்ளிக்கிழமைக்குள் அச்சகத்தில் கொடுக்க வேண்டும். ரிட்ஜ், பெல், டோம், டனல் என்னும் நான்கு வகை டென்ட்டுகளுக்கும் முகட்டுக் கூடாரம், மணிக் கூடாரம், குவிமாடக் கூடாரம், சுரங்கக் கூடாரம் என்று எழுதியிருந்தேன். வகுப்பில் படித்துக் காட்டியபோது, மணிக் கூடாரத்தில் மணியை எங்கே கட்டுவது என்று ஒரு மாணவன் கேட்டான். சுரங்கம் என்றதும் எல்லோரும் மெட்ரோ ரயிலைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். பெயரைக் கேட்டால் கூடாரத்தை எப்படி எழுப்புவது என்று ஓரளவாவது புரிய வேண்டும் என்பதே என் விருப்பம்.

2. பெரம்பூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வகைகளுக்குப் பெயரிடுமுன் ‘கூடாரம்’ என்னும் சொல்லையே நாம் ஆராய வேண்டும். அது வடமொழிக் ‘கூடாகாரம்’ என்பதன் திரிபு என்பார் உளர். ‘கூடு’ என்னும் வேரினின்று வந்த தமிழ்ச்சொல் என்பது என் துணிபு. ஆயினும் ஐயத்துக்கு இடமில்லாத ஆட்சி முல்லைப்பாட்டில் இருக்கிறது. ‘கூடம் குத்திக் கயிறு வாங்கு இருக்கை’ என்று நப்பூதனார் பாசறையைப் பாடுகிறார். கால் நட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டும் செயல்முறை முழுவதும் அந்த ஐந்து சொற்களில் அடங்கிவிட்டது. டென்ட் என்பதன் இலத்தீன் வேருக்கும் இழுத்து விரித்தல் என்பதே பொருள். அதே பாட்டில் அரசன் தங்குமிடம் ‘திண்ஞாண் எழினி வாங்கிய ஈரறைப் பள்ளி’, அதாவது வலிய கயிற்றில் திரையை இழுத்து இரண்டு அறையாக்கிய படுக்கையிடம். இன்று கடையில் விற்கும் ஈரறை டென்ட்டும் அதுவே. எனவே ‘வாங்கிருக்கை’ என்பதைப் பொதுச்சொல்லாக முன்மொழிகிறேன். முகாமுக்குப் ‘பாடி’ என்னும் சொல்லும் உண்டு. நம் வியாசர்பாடியின் பாடியையும் இந்நோக்கில் எண்ணிப் பார்க்கலாம்.

3. இராயபுரம், மலையேற்றப் பயிற்சி தருபவர்

ஐயா அவர்களுக்கு வணக்கம்.

பாடி என்பதற்கு ஆயர் ஊர் என்ற பொருளும் இருப்பதால், வியாசர்பாடியை இந்த வாதத்துக்குச் சான்றாக்க முடியாது. பாட்டு வரிகள் எனக்கும் மிகவும் பிடித்தவை. ஆனால் இன்று ‘வாங்கு’ என்றால் கடையில் வாங்குவதும், ‘இருக்கை’ என்றால் நாற்காலியும்தான் மாணவர் மனத்தில் வரும்.

எது கூடாரத்தைத் தாங்குகிறதோ அதை வைத்தே பெயரிட வேண்டும். அமெரிக்கப் படை அதிகாரி சிப்லி 1856இல் காப்புரிமை பெற்ற கூம்புக் கூடாரம், நடுவே ஒரே காலை நட்டு ஏறத்தாழ 12 பேரைப் படுக்கவைத்தது. பெல் டென்ட்டும் இந்த இனமே என்பதால் ‘ஒற்றைக்கால் கூடாரம்’ எனலாம். முகட்டுக் கூடாரத்தை ‘இருகால்’ என்று மாற்ற நினைத்தேன். 1860களில் ஆல்ப்ஸ் மலைக்கு ஆங்கிலேய மலையேறி விம்பர் கொண்டுசென்ற கூடாரத்தில் இரு முனைகளிலும் இரண்டிரண்டு கழிகள் குறுக்காக நின்றன என்பதால் அது பொருந்தாது, முகடே இருக்கட்டும்.

டோம், டனல் இரண்டிலும்தான் கவனம் வேண்டும். இரண்டிலும் கழிகளை வளைத்தே செருகுகிறோம். டோம் வகையில் வளைந்த கழிகள் உச்சியில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. கழி நிமிரப் பார்க்கிறது, துணி அதை விடாமல் இழுக்கிறது. அந்த இழுபறியில் கூடாரம் தானே நிற்கிறது. தரையில் அடிக்கும் முளை இறங்காத பாறையிலும் அது நிற்கும், ஆனால் காற்றடித்தால் உருண்டுவிடும் என்பதால் முளையைத் தவிர்க்கக் கூடாது. டனல் வகையில் வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். இரு முனைக் கயிறுகளையும் இழுத்துக் கட்டாவிட்டால் அப்படியே மடிந்து விழும். எனவே ‘குறுக்குவளைவு’, ‘நிரைவளைவு’ என்பவை என் பரிந்துரை.

உறுப்புகளுக்கு முளை, இழுகயிறு, மேற்பாய், தரைப்பாய் போதும். தார்ப்பாய் என்பது ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது என்று காசிமேட்டில் படகை மூடுகிறவர்கள் நினைப்பதே இல்லை; ‘பாய்’ அவ்வளவு இயல்பாக ஒட்டிக்கொண்டது.

4. கொருக்குப்பேட்டை

டென்ட் கொட்டாயில் படம் பார்த்து வளர்ந்த எங்களுக்கு டென்ட் அயற்சொல் இல்லை. ‘டென்ட்’ என்றே அச்சிட்டு, வகைப்பெயரை மட்டும் தமிழில் தரலாம் என்பது என் கருத்து.

5. பெரம்பூர்

‘ஒற்றைக்காலில் நிற்றல்’ பிடிவாதத்தைக் குறிக்கும் வழக்கு. பந்தலுக்குச் சொல்வதுபோல் ‘நடுக்கால்’ என்பதே தகும். ‘வாங்கிருக்கை’யைக் கைவிட நான் இசையவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

6. தண்டையார்பேட்டை, வியாழன் இரவு

அனைவருக்கும் நன்றி. இன்று மாலை பள்ளித் திடலில் பெயரை மட்டும் சொல்லிச் சோதித்தேன். ‘குறுக்குவளைவு’ என்றதும் இரண்டு மாணவர்கள் கழிகளைப் பெருக்கல் குறிபோல் தரைப்பாயின் மேல் வைத்தார்கள். ‘நிரைவளைவு’ யாருக்கும் புரியவில்லை. ‘வரிசைவளைவு’ என்று மாற்றியதும் புரிந்தது. முகடு, நடுக்கால், குறுக்குவளைவு, வரிசைவளைவு என்று அச்சுக்குக் கொடுக்கிறேன். கூடாரம் என்னும் பொதுச்சொல் அப்படியே நிற்கிறது.

7. பெரம்பூர்

‘நிரை’ புரியவில்லையெனில் கற்பிக்க வேண்டும், மாற்றக் கூடாது. அடுத்த பதிப்பின்போது மீண்டும் எழுதுவேன்.