படுக்கையறை ஏசி: ஜன்னலுக்கு மேலா, தலைமாட்டுக்கு மேலா?

மாசிவீதி:
வணக்கம். மதுரையில் எங்கள் வீட்டு மாடி அறைக்கு ஒரு டன் ஸ்பிளிட் ஏசி மாட்டப் போகிறோம். மேலே மொட்டை மாடிதான். அறை கிழக்கு மேற்காக 12 அடி, தெற்கு வடக்காக 10 அடி. மேற்கே ஜன்னலுள்ள வெளிச்சுவர், கிழக்கே கதவு. வடக்குச் சுவரில் கீழே அலமாரி, மேலே கதவு போட்ட லாஃப்ட். அம்மா வடக்கே தலை வைக்க மாட்டார், அதனால் கட்டிலின் தலைமாடு தெற்குச் சுவரோடு ஒட்டி இருக்கிறது. அதை மாற்ற முடியாது. மாட்ட வருபவர் மேற்கு ஜன்னலுக்கு மேல் என்கிறார். வீடு கட்டித் தந்த மேஸ்திரி தலைமாட்டுக்கு மேல் என்கிறார். அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, முழங்கால் வலியும் உண்டு. குளிர்காற்று நேராகப் பட்டால் தூக்கமே போய்விடும். எங்கே வைப்பது?

செங்கல்சூளை:
நான் கட்டடப் பொறியாளர். மேற்குச் சுவர் வேண்டவே வேண்டாம். மதியத்திலிருந்து வெயில் முழுக்க அங்கேதான் விழும். 9 அங்குலச் செங்கல் சுவர் அந்தச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு ஐந்தாறு மணி நேரம் கழித்துத்தான் உள்ளே விடும். நீங்கள் படுக்கப் போகும் நேரத்தில்தான் சுவர் உள்பக்கம் கொதிக்கும். அந்தச் சுவரிலேயே மெஷினை ஒட்டி வைத்தால் அதற்கு ஓயாத வேலை. தலைமாட்டுக்கு மேல் வையுங்கள். காற்று தலையைத் தாண்டிப் போய்க் கால் பக்கம் இறங்கும், முகத்தில் படாது.

செப்புக்குழாய்:
திருச்சியில் ஏசி மாட்டுவதுதான் எனக்குத் தொழில். சுவர் சூடாகும் என்று சார் சொல்வது உண்மை. ஆனால் மெஷின் சுவரைத் தொட்டுப் பார்த்து ஓடுவதில்லை. இன்டோர் யூனிட் மேல்பக்கமாக அறைக்காற்றை உள்ளே இழுக்கிறது. அந்த வழியில் உள்ள சென்சார்தான் கம்ப்ரசர் ஓடட்டுமா நிற்கட்டுமா என்று முடிவு செய்கிறது. அறைக்குள் வரும் மொத்தச் சூட்டையும் எந்தச் சுவரில் மாட்டினாலும் இறக்கித்தான் ஆக வேண்டும்.

இன்னொன்று, மாடி அறையில் பெரிய எதிரி மேற்குச் சுவர் இல்லை, தலைக்கு மேலுள்ள தளம். மதுரை ஏறக்குறைய 10 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை பிறக்கும் நாட்களில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். மேலே வெள்ளை ஓடு பதித்தாலோ வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு அடித்தாலோ கிடைக்கும் பலன், சுவரை மாற்றுவதால் கிடைக்காது.

முக்கியமாகப் பார்க்க வேண்டியது காற்று ஓடும் தூரம். மேற்கில் வைத்தால் 12 அடி தடையில்லாமல் ஓடும். தெற்கில் வைத்தால் 10 அடி, அதிலும் 2 அடியை லாஃப்ட் தின்றுவிடும். லாஃப்ட் கதவில் மோதிய காற்று அப்படியே கீழே விழும். எங்கே விழும்? கட்டிலின் கால்மாட்டில். முழங்கால் வலிக்காரருக்கு அதுவா நல்லது?

செங்கல்சூளை:
காலுக்குப் போர்வை போர்த்தலாம். மூக்கையும் கண்ணையும் போர்த்திக்கொண்டு தூங்க முடியாது. மேற்கில் வைத்தால் காற்று கட்டிலுக்குக் குறுக்கே ஓடும். இரவில் எல்லோரும் ஃபேன் வேகத்தைக் குறைத்து வைப்பார்கள். வேகம் குறைந்தால் குளிர்காற்று 12 அடி போகாது, பாதி வழியிலேயே இறங்கும். பாதி வழியில் இருப்பது கட்டில்தான். உங்கள் கணக்கு பகலுக்குச் சரி, இரவுக்குச் சரிவராது.

செப்புக்குழாய்:
அந்தக் குறை தெற்குச் சுவருக்கும் உண்டு சார். வேகம் குறைந்தால் அங்கேயும் காற்று நடுவில்தான் இறங்கும், அதாவது வயிற்றின் மேல். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டு அறையைக் குளிர வைத்துவிட்டு, பிறகு 26-இல் விட்டு, ஸ்விங்கை நிறுத்தி, காற்றைத் திருப்பும் தகடான லூவரைக் கிடைமட்டமாக வைத்தால் போதும். வெளியே வரும் காற்று சீலிங்கை ஒட்டியே ஓடும். அம்மா ஜன்னல் பக்கம் படுக்கட்டும். யூனிட்டுக்குக் கீழேயும் பக்கத்திலும் இருப்பவர் மேல்தான் காற்று குறைவாகப் படும்.

ஸ்காபரோ:
நான் இருப்பது டொராண்டோ பக்கம். இங்கே ஹீட்டரை ஜன்னலுக்குக் கீழேதான் வைப்பார்கள். பழைய அடுக்குமாடிகளில் ரேடியேட்டர் ஜன்னலடியில் இருக்கும், தனி வீடுகளில் சூடான காற்று வரும் தரைத் துவாரமும் ஜன்னலோரம்தான். சூடோ குளிரோ எந்த இடத்தால் உள்ளே வருகிறதோ அந்த இடத்திலேயே அதை மறிக்க வேண்டும் என்பதுதான் காரணம். உங்களுக்கு மேற்கு ஜன்னலால் வெயில் வருகிறது என்றால் ஏசியும் அங்கேதானே இருக்க வேண்டும்?

செங்கல்சூளை:
தம்பி, அந்த நியாயத்தை இங்கே அப்படியே ஒட்ட முடியாது. உங்கள் ஊரில் ஜன்னல் கண்ணாடியில் பட்ட காற்று குளிர்ந்து, கனத்து, தரையோடு வழிந்து காலைக் கடிக்கும். கீழிருந்து எழும் ஹீட்டரின் சூடு அதை எதிர்கொண்டு நிறுத்தும். இயற்கையாக இறங்குவதற்கு எதிராக ஏறுவதை வைத்தார்கள். இங்கே ஏசியின் குளிர் தானாகவே இறங்கும், அதனால் உயரத்தில் வைத்தால் போதும். ஜன்னல் வெயிலை ஏசியால் மறிக்க முடியாது. வெளிப்பக்கம் மூங்கில் தட்டியோ சன்ஷேடோ போட்டால்தான் மறிக்கலாம்.

ஸ்காபரோ:
அது சரிதான். ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். இங்கே கோடையில் அதே தரைத் துவாரத்தால்தான் ஏசிக் காற்றும் வருகிறது. கனத்த குளிர்காற்று மேலே ஏறாது, மாடி அறைகள் வெக்கையாகவே கிடக்கும். சூட்டுக்கென்று செய்த இடம் குளிருக்குப் பொருந்தவில்லை என்பதைக் கோடைதோறும் பார்க்கிறோம். இப்போதைய இரட்டைக் கண்ணாடி ஜன்னல்களில் ஹீட்டர் ஜன்னலடியில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் தளர்ந்துவிட்டது.

மாசிவீதி:
இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதுபோல் தெரிகிறது. அவுட்டோர் யூனிட்டை மேற்குச் சுவரின் வெளிப்பக்கம் ஸ்டாண்ட் போட்டு மாட்டினால் காப்பர் பைப் 3 மீட்டருக்குள் முடிந்துவிடும் என்று மாட்ட வருபவர் சொன்னார். அதற்காகத்தான் மேற்கு என்கிறாரோ என்று சந்தேகம்.

செப்புக்குழாய்:
பைப்புக்காகச் சொல்லியிருந்தால் தவறு. மாடிச் சுவரின் வெளியே ஸ்டாண்ட் போட வேண்டாம். பால்கனி இல்லை, நிற்க இடமில்லை, சர்வீஸுக்கு வருகிற பையன் ஜன்னல் வழியாகத் தொங்கிக்கொண்டு வேலை செய்ய வேண்டும். இந்தத் தொழிலில் அப்படி விழுந்து போன உயிர்கள் உண்டு. ஆயிரம் இரண்டாயிரம் கூடப் போனாலும் பரவாயில்லை, மொட்டை மாடியில் வையுங்கள். இன்டோருக்கு மேலே அவுட்டோர் இருக்கலாம், கம்பெனி சொல்லும் உயர வரம்புக்குள் இருந்தால் போதும். பைப் சுவருக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் மழைத்தண்ணீர் உள்ளே வராது. நிழலுக்குப் பச்சை வலை கட்டலாம், ஆனால் நன்றாக மேலே கட்டுங்கள். வெயிலுக்குப் பயந்து பெட்டி மாதிரி நான்கு பக்கமும் அடைத்துவிடுகிறார்கள். அது விட்ட சூட்டையே அது திரும்ப இழுத்துத் திணறும்.

மேற்கு என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணம் டிரெயின் தண்ணீர். புழுக்கமான இரவில் குடம் குடமாக வடியும். மேற்கில் என்றால் துளை வழியாக நேரே வெளியே. தெற்கில் என்றால் சுவரோரமாக ஆறேழு அடி பைப் ஓட வேண்டும். தூசி அடைத்தாலோ வாட்டம் கெட்டாலோ தண்ணீர் சொட்டுவது தலையணையில்.

செங்கல்சூளை:
மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வாட்டம் போதும். ஆறேழு அடிக்கு இரண்டு சென்டிமீட்டர் இறக்கம், அவ்வளவுதான். அதைக்கூடச் சரியாகக் கொடுக்காத ஆளை வேலைக்கு வைக்காதீர்கள். காயிலையும் டிரேயையும் கோடைக்கு முன்பே கழுவினால் அடைப்பும் வராது. ஒழுகும் என்று பயந்து இடத்தை முடிவு செய்வது எனக்குச் சம்மதமில்லை.

ஊட்டிக்குளிர்:
இருவரும் சொல்லாத ஒன்று. எந்தச் சுவரானாலும் யூனிட்டுக்கு மேலே சீலிங் வரை இடைவெளி விடச் சொல்லுங்கள், அரை அடி இருந்தால் நிம்மதி. அதைக் குறைத்தால் காற்று இழுக்க வழியில்லாமல், தான் விட்ட குளிரையே திரும்ப இழுத்து, அறை குளிர்ந்துவிட்டது என்று நினைத்துக் கம்ப்ரசர் நின்றுவிடும். ஜன்னலுக்கு மேல் வைத்தால் திரைச்சீலைப் பெட்டி காற்றை மறிக்காமல் பாருங்கள். ரிமோட்டில் ‘ஃபாலோ மீ’ மாதிரி வசதி இருந்தால் அதைப் போட்டு ரிமோட்டை அம்மா பக்கத்து மேசையில் வையுங்கள். சீலிங் பக்கத்துச் சூட்டைப் பார்க்காமல் கட்டில் பக்கத்துச் சூட்டைப் பார்த்து ஓடும்.

செப்புக்குழாய்:
நல்ல யோசனை. சீலிங் ஃபேனையும் முழு வேகத்தில் விடாதீர்கள். சீலிங்கை ஒட்டி ஓடும் குளிரை அது கட்டில் மேல் தள்ளிவிடும்.

செங்கல்சூளை:
என் ஓட்டு இன்னும் தெற்குக்குத்தான். லாஃப்ட் கதவில் காற்று மோதும் என்பதை ஒத்துக்கொள்கிறேன், ஆனாலும் முகத்துக்குப் பக்கவாட்டில் காற்று ஓடுவதைவிட அது மேல். ஒருவேளை மேற்குதான் என்று முடிவு செய்தால், துளை போடும் முன் ஜன்னலுக்கு மேல் ஓடும் கான்கிரீட் லிண்டல் எதுவரை இருக்கிறது என்று தட்டிப் பார்த்து பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். துளை லிண்டலுக்கு மேலே உள்ள செங்கலில் விழ வேண்டும், கான்கிரீட்டில் விழக் கூடாது. வெளிப்பக்கம் சற்றுத் தாழ்வாகச் சாய்த்துப் போடட்டும். உள்ளே கம்பி தட்டுப்பட்டால் அறுக்க விடாதீர்கள், யூனிட்டை அரை அடி தள்ளி மாட்டிக்கொள்ளலாம்.